ஏழாவதாக நின்றவர்

வக்கீலம்மா, செருப்பை வாசலிலேயே விட்டு வந்ததற்கு நன்றி. இது அரசாங்கம் எனக்குக் கொடுத்த வீடு. தரையை நானேதான் துடைக்கிறேன். செல்போனையும் காவலரிடம் கொடுத்துவிட்டீர்கள். இனி மனம்விட்டுப் பேசலாம்.

எங்கள் இயக்கத்தில் ஐந்து பேர். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்பது தலைவர் போட்ட சட்டம். வரும்போதும் போகும்போதும் முகத்தில் துண்டு. உட்கார்ந்தால் ஆளுக்கொரு சுவர். சுவர் நாலுதான் என்பதால் எனக்குக் கதவு. உலகத்தைப் புரட்டிப்போடும் திட்டத்தையெல்லாம் முதுகோடு முதுகாகவே பேசி முடித்தோம். ரயில் நிலையத்துக்குப் பை கொண்டுபோக ஆள் வேண்டும் என்றபோதும் சீட்டுக் குலுக்கினோம். யாருக்கு விழுந்தது என்று தலைவருக்கே தெரியாது.

டிக்கெட் கவுன்ட்டரில் ஒன்பது பேர் செத்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அரசு சாட்சியாக மாறினால் மன்னிப்பும் வீடும் உண்டு என்று பேப்பரில் படித்ததும் சுத்தமாகவே கேட்கவில்லை.

போலீஸை நானே கூட்டிப்போனேன். கதவு உடைந்து விழுந்தும் நாலு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியொரு கட்டுப்பாடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் பை கொண்டுபோனது தாங்கள் இல்லை என்று நாலு பேரும் சாதித்ததால், ஆறாவதாக ஒருவன் இருக்கிறான், அவனை அடையாளம் காட்டினால்தான் மன்னிப்பு என்றார் இன்ஸ்பெக்டர். ஏழு பேரை வரிசையாக நிறுத்தினார். மூன்றாவதாக ஒரு பழைய ஜேப்படிக்காரன். அவன் முன்னால் நான் போனபோது இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை இருமினார். நான் தாண்டிப்போய் ஏழாவது ஆளைக் காட்டினேன்.

இன்ஸ்பெக்டர் முகத்தில் ஈயாடவில்லை. "யோவ், ஆள் குறையுதேன்னு நான் கூப்பிட்டு நிறுத்தினவருய்யா அவரு. நம்ம ஸ்டேஷனுக்கு டீ குடுக்கறவரு."

"பாத்தீங்களா சார், எவ்வளவு தைரியம்!" என்றேன்.

இன்ஸ்பெக்டர் யோசிக்க ஆரம்பித்தார். டீக்காரர் நாலு வருடமாகத் தினமும் ஸ்டேஷனுக்குள் வந்துபோனவர். கேட்டால், குண்டு வெடித்த அன்று ரயில் நிலையத்தில் டீ விற்றதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். யோசிக்க யோசிக்க இன்ஸ்பெக்டருக்கே வியர்த்துவிட்டது. வழக்கு தானாகவே நடந்தது. தூக்கு என்று தீர்ப்பும் ஆனது.

ஏன் அவர் என்றுதானே கேட்கிறீர்கள்? சத்தியமாக ஜேப்படிக்காரனைக் காட்டத்தான் போனேன். ஆனால் ஏழாவதாக நின்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தெரிந்தவரைப் பார்த்தால் வரும் சிரிப்பு. சீட்டு எனக்குத்தான் விழுந்திருந்தது, அம்மா. கவுன்ட்டருக்குக் கீழே பையை வைத்துவிட்டு நடந்தபோது, "அண்ணே, பைய மறந்துட்டுப் போறீங்களே" என்று ஓடிவந்தவர் அவர்தான். "தோ வந்துடறேன், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். யாரோ டீ கேட்டுக் கூப்பிட்டதால் பிழைத்திருக்கிறார். வரிசையில் அவர் வாயைத் திறப்பதற்குள் என் விரல் எழுந்துவிட்டது.

கோர்ட்டில் இதையெல்லாம் அவர் சொல்லத்தான் செய்தார், என்னைக் காட்டியே சொன்னார். நீதிபதிக்கே சிரிப்பு வந்தது. மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் சாட்சியைத்தான் திருப்பிக் காட்டுவார்கள். பாவம், தங்கமான மனிதர். ஊரார் பைக்கெல்லாம் கவலைப்பட்டால் இப்படித்தான்.

நாளை கடைசி அப்பீல், நான் வந்து உண்மையைச் சொன்னால் அவர் உயிர் பிழைக்கும் என்கிறீர்கள். உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் சத்தியம் செய்து கொடுத்த சாட்சி அது. இயக்கத்தில் இருந்தபோதும் சரி, இப்போது அரசாங்கத்தோடு இருக்கும்போதும் சரி, சொன்ன சொல் மாறுகிற பழக்கம் மட்டும் எனக்குக் கிடையாது.