வண்டி திரும்பாத தெரு

ஜெனிபர்: என் அசைன்மென்ட்ல பாதி மார்க் எங்க மிஸ்?

காயத்ரி மிஸ்: பஸ் கெளம்புனதும் ஆரம்பிச்சிட்டியா? கிளாஸ்ல தூங்கிட்டு, பஸ்ல கணக்கு...

ஜெனிபர்: கணக்கு வராதுன்னுதான் பி.ஏ. ஹிஸ்டரி எடுத்தேன். அங்கயும் ஒரு பேப்பரா தொரத்திக்கினு வருது. சரி போனாப் போவுதுன்னு நம்ம காலேஜ் பஸ்ஸுக்கே குறுக்கு வழி போட்டுக் குடுத்தேன்.

வீரராகவன்: நம்ம பஸ்ஸுக்கா? டிரைவர்னு நான் ஒருத்தன் இருக்கேன், ஒரு வார்த்த கேக்கல?

ஜெனிபர்: நீங்க ரோட்ட பாத்து ஓட்டுங்கண்ணா. அது இன்னாது, ஸ்டீயரிங் பக்கத்துல, ஊதா கலர்ல?

வீரராகவன்: அது... கண்ணாடி தொடைக்கிற துணி.

ஜெனிபர்: ஜரிக வெச்சதா? கண்ணாடிக்கு வந்த வாழ்வு!

காயத்ரி மிஸ்: விடை சரிதான் ஜெனிபர். ஸ்டாப்பு எல்லாம் புள்ளி, ரோடு எல்லாம் கோடு, எது சின்ன வழின்னு அழகா போட்டிருக்க. ஆனா உன் கோடு உங்க காலனிக்குள்ள பூந்து ஊருக்குப் போகுது. அது நடைமுறைக்கு ஒத்துவராது.

ஜெனிபர்: ஏன்?

காயத்ரி மிஸ்: ஏன்னா... வீரராகவன், நீங்களே சொல்லுங்க.

வீரராகவன்: தெரு சின்னது மிஸ்.

ஜெனிபர்: தண்ணி லாரி வருதே.

வீரராகவன்: கரண்டு ஒயர் தொங்குது.

ஜெனிபர்: எங்க மாதா தேரே ஒயர்ல படாம போவுது. ஒங்க பஸ்ஸு இன்னா, மாதாவ விட ஒசரமா?

வீரராகவன்: சர்ச் மூலைல வண்டி திரும்பாது. அவ்ளோதான். பேஜாரு பண்ணாத பாப்பா.

காயத்ரி மிஸ்: பாத்தியா? கணக்கு வேற, ரோடு வேற.

ஜெனிபர்: அப்போ நாங்க மெயின் ரோட்ல எறங்கி, கண்டெய்னர் லாரிங்க நடுவுல நடக்குறது மட்டும் நடைமுறையா? நேத்து இதோ இந்த சாராள ஒரசிக்கினு போச்சு ஒண்ணு. பை பிஞ்சிடுச்சு.

காயத்ரி மிஸ்: ஐயோ... யாரும் சொல்லலியே!

ஜெனிபர்: சொன்னா, காலேஜுக்கே போவாதன்னு ஊட்ல உக்கார வெச்சிடுவாங்க. எங்க எல்லாரையும்தான்.

காயத்ரி மிஸ்: நான் என்னம்மா செய்வேன்? பஸ் இன்சார்ஜ்னு பேருதான். அந்தத் தெரு வழியா பஸ் வந்தா எங்க பொண்ணுங்கள அனுப்ப மாட்டோம்னு ஊர்ல இருந்து வந்து...

ஜெனிபர்: புள்ளின்னா புள்ளிதான், அதுல யாரு குடியிருக்காங்கன்னு கணக்கு கேக்காதுன்னு போர்டுல எழுதுனது யாரு மிஸ்? முழிச்சிக்கினு கேட்டதே அது ஒண்ணுதான்.



வீரராகவன்: மெயின் ரோடு வந்துடுச்சு. எறங்கு பாப்பா.

ஜெனிபர்: எறங்க மாட்டேன்.

வீரராகவன்: இன்னாது?

ஜெனிபர்: ஏய் சாராள், உக்காருடி! எவளும் எறங்காதீங்க!

வீரராகவன்: மிஸ், பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிச்சே கொல்றான்...

காயத்ரி மிஸ்: அடிக்கட்டும். ஜெனிபர், அந்த மூலையில வண்டி திரும்பும்னு உனக்கு எப்படித் தெரியும்? அளந்தியா?

ஜெனிபர்: இல்ல மிஸ். உண்மைய சொல்லிடறேன். அந்த அசைன்மென்ட்... நானா யோசிச்சது இல்ல. காப்பி அடிச்சேன்.

காயத்ரி மிஸ்: யாரப் பாத்து?

ஜெனிபர்: பேர் சொன்னா அவரு வேலைக்கு ஆபத்து. அதான் இத்தினி நாளா வாய தொறக்கல.

காயத்ரி மிஸ்: ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன். சொல்லு.

ஜெனிபர்: இவருதான். ஊர்ல எல்லாரையும் எறக்கிட்டு வண்டி காலியானதும், டீசல் மிச்சம் புடிக்க எங்க தெரு வழியாதான் தெனமும் ஷெட்டுக்குப் போறாரு. நாங்க நடந்து போய் செருப்ப கழட்டுவோம், வாசல்ல ஆரன் கேக்கும். சர்ச் மூலைல ஒரே ஒடிப்பு மிஸ். ரிவர்ஸ்கூட எடுக்க மாட்டாரு.

காயத்ரி மிஸ்: வீரராகவன்?

வீரராகவன்: டீசல் வெல அப்பிடி மிஸ்.

காயத்ரி மிஸ்: காலியா இருந்தா திரும்புற வண்டி, ஆள் இருந்தா திரும்பாதா?

வீரராகவன்: நான் இன்னா மிஸ் பண்றது? ஆளோட உள்ள போவாதன்னாங்க. ஆளில்லாம போவாதன்னு யாரும் சொல்லல.

காயத்ரி மிஸ்: ஊர்ல யார் வந்து கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். ஒடிங்க உள்ள.

வீரராகவன்: ஒடிக்கிறேன் மிஸ்... பாப்பா, இந்தா ஒன் ஊதா துப்பட்டா. சைடு கண்ணாடில மாட்டிக்கினு ஷெட்டு வரிக்கும் கூடவே வந்துடுச்சு. அம்மாகிட்ட சொல்லி அந்தத் துணிக்கொடிய மட்டும் கொஞ்சம் தூக்கிக் கட்டச் சொல்லு.