ரெஜினா தூக்கிப் போடாத சீட்டு

இங்க நிறைய பேர் ஜோடியா வந்திருக்கீங்க. அதனால ஒரு சின்னக் கதை சொல்லணும்னு தோணுது... சந்தோஷமான கதை இல்ல. இருந்தாலும் கேளுங்க.

தூத்துக்குடியில சூசைராஜ்னு ஒருத்தர். காலேஜ்ல கணக்கு வாத்தியார். சம்சாரம் ரெஜினா, நர்ஸு. ஒரே பையன் ஜெபின். பைக் விபத்துல போயிட்டான்... அதுக்கப்புறம் அந்த வீட்ல பேச்சே நின்னு போச்சு. என்னத்தைப் பேசுவாங்க, சொல்லுங்க?

ஒருநாள் ரெஜினா பையனோட சீட்டுக்கட்டை எடுத்துட்டு வந்து மேஜை முன்னாடி உக்காந்தாங்க. அவரும் எதிர்ல வந்து உக்காந்தார். போக்கர். அவன் சொல்லிக் குடுத்த ஆட்டம். ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில. பிடிக்கலேன்னா அப்பவே கீழ போட்டுடலாம், அந்த ஆட்டம் தோல்வியோட அங்கயே முடிஞ்சுது. ஆடுறேன்னா, பொதுச் சீட்டு அஞ்சு கொஞ்சம் கொஞ்சமா மேஜையில திறக்கும். பந்தயத்துக்குச் சட்டைப் பொத்தான்.

ரெஜினா எந்தச் சீட்டையும் போட மாட்டாங்க. எவ்வளவு மோசமான சீட்டா இருந்தாலும்... "இருக்கட்டும், பாத்துட்டுப் போலாம்." சீட்டு திறக்கத் திறக்கப் பேச்சு வரும். பையனைப் பத்தி. தோத்தா அவன் மூஞ்சிய எப்படி வெச்சுக்குவான்னு... ரெண்டு பேரும் முதல் தடவையா சேர்ந்து அழுதது அந்த மேஜையிலதான்.

நல்லாத்தானே போச்சு? போச்சு. ஆனா வாத்தியாருக்குக் கணக்குப் புத்தி. ரெண்டே பேர் ஆடுற, பந்தயத்துக்கு அளவு கட்டின இந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் அநேகமா தீர்த்தே வெச்சிருச்சுன்னு படிச்சார். எந்த ரெண்டு சீட்டு வந்தா என்ன செய்யணும்... எல்லாத்துக்கும் பதில் இருக்கு. முதல்ல ஆடுறவர் ஒண்ணு பந்தயத்தை ஏத்தணும், இல்ல சீட்டைப் போட்டுடணும். பாத்துட்டுப் போலாம்ங்கிற பேச்சே அதுல கிடையாது. மனப்பாடம் பண்ணிட்டார். அதோட விட்டாரா? அந்தம்மா ஆடும்போதெல்லாம் திருத்தினார். இது தப்பு, அது தப்பு, மெஷின் இதைத் தொடவே தொடாதுன்னு.

ரெஜினா எதிர்த்துப் பேசல. கத்துக்கிட்டாங்க. ஒருநாள் சாயங்காலம் மோசமான சீட்டு வந்துது... போட்டாங்க. அடுத்ததையும் போட்டாங்க. "அப்படித்தான்"ன்னார் இவர். மேஜையில ஒரு சீட்டு திறக்கிறதுக்கு முந்தியே ஆட்டம் முடியுது, முடியுது... ஜெபின் பேரை யாரும் எடுக்கல. அந்தம்மா எழுந்து போயிட்டாங்க. மறுநாள் வரல. அதுக்கடுத்த நாளும் வரல.

அப்புறம்தான் அவருக்கு உறைச்சுது. அடுப்படி வாசல்ல போய் நின்னார்.

"ரெஜினா, நான் இனிமே ஒண்ணும் சொல்லல. உன் இஷ்டம் போல ஆடு. வா."

அந்தம்மா திரும்பிப் பாக்காமலே சொன்னாங்க... "எது தப்புன்னு தெரிஞ்சு போச்சேங்க. தெரியாத மாதிரி இனி எப்படி ஆடுவேன்?"

இப்ப வாத்தியார் கம்ப்யூட்டரோட ஆடுறார். அது தப்பே பண்றதில்ல. வீட்ல சத்தமே இல்ல.

அவர் சொன்னது ஏதாவது பிசகா? இல்லீங்க. ஒவ்வொண்ணும் சரி. ஜெயிக்கிறதுக்குச் சரி. ஆனா ரெஜினா ஜெயிக்கவா வந்து உக்காந்தாங்க?

உங்க வீட்லயும் ஒருத்தர் பக்கத்துல வந்து உக்காருவாங்க. சொன்னதையே சொல்லுவாங்க, தப்பாவும் சொல்லுவாங்க. உடனே திருத்தாதீங்க... இவங்க எதுக்கு வந்து உக்காந்தாங்கன்னு முதல்ல யோசிங்க. ஏன்னா, அவங்க ஒரு தடவை எழுந்து போயிட்டா... கூப்பிட்டாலும் வர முடியாமப் போயிடுதுங்க.