எத்தனை பேர் என்று தெரியாத பட்டியல்

ஹலோ... ஆமாக்கா, நான்தான். ரத்த வங்கியிலதான் இருக்கேன், கம்ப்யூட்டர் ரூம்ல... இல்ல, இன்னும் ஆள் கிடைக்கல... தெரியும்க்கா. மாமாவை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போயிட்டாங்களா... ம்... ம்...

சொல்றேன் கேளு. காலைல இங்க ஒருத்தர் கைதவறி, ரத்தம் குடுக்கறவங்க லிஸ்ட்டையே அழிச்சிட்டார்... அவரைத் திட்டி என்ன ஆகப் போகுது. திருப்பிக் கொண்டு வந்தாச்சு. அழிக்கறதுக்கு முந்தின நிமிஷம் எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. ஒரு பேர் குறையல...

அதான் சொல்ல வரேன். பேரெல்லாம் வந்துச்சு, புள்ளிவிவரம் வரல... எந்த வகை ரத்தத்துல எத்தனை பேர், எது நிறைய, எது அபூர்வம்னு கம்ப்யூட்டர் தனக்குன்னு ஒரு குத்துமதிப்பு வச்சிருக்கும். அதை வச்சுத்தான் எப்படித் தேடறதுன்னு முடிவு பண்ணும். முன்னாடியே எடுத்து வச்சிருந்த நகல்ல, அந்த பேக்கப்ல, அது இல்ல. வீட்ல எத்தனை பேர்னு தெரியாம சமைக்க உக்காந்த மாதிரி முழிக்குது... ஆமா, மாமாவோட வகை அபூர்வம்னு நமக்குத் தெரியும், அதுக்குத் தெரியல. ஒவ்வொரு பேரா புரட்டிக்கிட்டு இருக்கு... கேட்டேன்க்கா. அதையும் சேர்த்து எடுக்கணும்னு எத்தனையோ தடவை கேட்டேன். இப்ப என்ன அவசரம்னாங்க...

யாரு... டாக்டரா... வணக்கம் சார். ஆமா சார், நான் அவருக்கு மச்சினன்... இல்ல சார், மத்த இடத்துல எல்லாம் கேட்டாச்சு, எங்கயும் கையிருப்பு இல்ல. ஆளைத்தான் கூப்பிடணும்... எவ்வளவு நேரம் தாங்குவார் சார்... சரி... சரி சார். அக்காகிட்ட அதைச் சொல்லாதீங்க.

ஒண்ணும் சொல்லலக்கா. லைன்லயே இரு, இங்க கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கற மேடம்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு வரேன்... மேடம், அந்தத் தேடலை நிறுத்திடுங்க. ஆமா, நிறுத்துங்க. அந்த லிஸ்ட்டுக்கு மட்டும் புள்ளிவிவரம் எடுத்துட்டு மறுபடி தேடுங்க. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க...

ஆமாக்கா, நிறுத்தச் சொன்னேன்... கத்தாத. அப்படியே விட்டா சாயங்காலம் வரைக்கும் ஓடும்... எனக்குப் பதறலையான்னா கேக்கற. இல்ல. ஒண்ணுமே தோணல. உள்ள மரத்துப் போச்சு. கை மட்டும் வேலை செய்யுது...

இரு... முடிஞ்சுது. தேடுது... வந்துடுச்சுக்கா. இருக்கார்... ஆமா, ஒரே ஒருத்தர். நம்ம ஊர்தான்... நாம கூப்பிட வேண்டாம், ஆள் கிடைச்சதும் கம்ப்யூட்டரே அவருக்கு ஃபோன் போட்டுடும்... அழாத. பேரைப் பாத்துச் சொல்றேன்...

அங்க என்ன மணி அடிக்குது... மாமா ஃபோனா. உன் பையிலயா இருக்கு...

எடுக்காதக்கா.

எங்க ரத்த வங்கி நம்பர்தான். போன வருஷம் மாமா இங்க வந்து ரத்தம் குடுத்தாரே, அப்ப பதிஞ்ச பேருதான் இப்ப வந்திருக்கு... ம்... வேற யாரும் இல்லக்கா...

அடிக்கட்டும். கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும்... அக்கா... ஹலோ...