வியாழக்கிழமை மூடி

– வாயைத் திறங்க மாமா.

– முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். நான்கூட இவ்வளவு ஹாரன் அடிச்சதில்ல மாப்பிள்ளை. வேணாம்னா விடுங்க.

– மூணு நாளா காய்ச்சல், இருமல். சுகர் மாத்திரையையும் நிறுத்தினா எப்படி?

– இந்த நேரத்துல போட்டா சுகர் சட்டுனு இறங்கிடும்...

– டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன். நல்லா சாப்பிடறார், தண்ணி குடிக்கிறார்னேன். அப்போ நிறுத்த வேணாம்னார். இது உங்க இதயத்துக்கும் சேர்த்துக் கொடுத்ததாம். வைரஸ் காய்ச்சல் சில பேருக்கு இதயத்தையும் பதம் பார்த்துடும்னார்.

– ...அது நமக்குத் தெரியாதா.

– இருங்க, இன்னைக்கு மூடியைத் திறக்கறேன்.

– அந்த மாத்திரை டப்பா ஏது?

– உங்களுக்குத்தான். ஏழு நாளைக்கு ஏழு மூடி.

– ஞாயிற்றுக்கிழமை மூடியில நகப்பாலிஷ் பொட்டு. என் பொண்ணு வச்சது.

– வீட்ல சும்மா கிடந்துச்சு.

– நான்தான் அவகிட்ட சொன்னேன் மாப்பிள்ளை. போன்ல. காய்ச்சல் விடற வரைக்கும் சுகர் மாத்திரையைத் தொடாதேன்னு. பெரிய டாக்டர் மாதிரி.

– நீங்க சொன்னதை அவ என்னைக்குக் கேட்டா? என்னைக் கட்டிக்காதேன்னும்தான் சொன்னீங்க.

– சிரிக்க வைக்காதீங்க... இருமல் வருது.

– அவ ஒரு நாள்கூட விடல மாமா. காரியமெல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் திறந்து பார்த்தேன். வெள்ளி வரைக்கும் காலி.

– ...என் சட்டைப் பையில கையை விடுங்க.

– எதுக்கு?

– விடுங்க.

– ஏதோ பொட்டலம்...

– மூணு இருக்கும். புதன், வியாழன், வெள்ளி. ஆஸ்பத்திரியிலேருந்து அவ துணி எடுக்க என்னைத்தானே வீட்டுக்கு அனுப்பினீங்க. அப்போ எடுத்தேன். நீங்க பார்த்துடக் கூடாதுன்னு.

– அதனாலதான்னு சொல்ல முடியாதுன்னார் டாக்டர்.

– போட்டிருந்தா?

– தெரியாதுன்னார்.

– தெரியாத மாத்திரை எனக்கு மட்டும் எதுக்கு?

– நான் வியாழக்கிழமையே பார்த்தேன் மாமா. புதன், வியாழன் ரெண்டு மூடிக்குள்ளயும் மாத்திரை அப்படியே இருந்துச்சு. அசந்து தூங்கறா, எழுந்ததும் கேட்டுக்கலாம்னு மூடி வச்சேன். அப்புறம் கேட்கல... வாயைத் திறங்க.