ஜெபத்துக்கு நீட்டிய கை

டீயை இடது கையால் வாங்கியதைத் தப்பாக நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் சார். வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். அதை நீட்டினால் கொடுப்பவர்கள் தயங்குகிறார்கள். அவர்களுக்கு எதற்குச் சங்கடம்.

என் பெயர் ஜெரால்ட். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினேன். விரல்களை எடுத்தது அந்த மெஷின்தான். பிறகு எனக்கு மெஷின்களைச் சரிபார்க்கும் வேலை கொடுத்தார்கள். என் இடத்தில் என் மனைவி கிறிஸ்டினாவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவள் நல்லவள். ஆஸ்பத்திரியில் எனக்கு எல்லாம் செய்தாள். சாயங்காலம் பக்கத்தில் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, கை கோத்துக்கொண்டு ஜெபம் பண்ணுவது எங்கள் வழக்கம். ஆனால் நான் வீட்டுக்கு வந்த முதல் நாளே என் பாயை மறுபக்கம் போட்டாள், என் இடது கை அவள் பக்கம் வருகிற மாதிரி. கொஞ்ச நாள் பொறுத்துக் கேட்டே விட்டேன்.

“உன் மேல ஒண்ணியும் இல்லபா. அந்தக் கை பட்டா ஒடம்பு ஒரு மாதிரி ஆவுது. நான் இன்னா பண்ணட்டும்?” என்று அழுதாள்.

அவளுக்குப் பொய் சொல்ல வராது. கையுறை மாட்டிப் பார்த்தேன், சட்டைக்குள் மறைத்துப் பார்த்தேன். இந்தக் கையோடு சேர்த்து என்னை ஏற்றுக்கொள்ள மாட்டாளா என்று ஏங்கியே களைத்துப் போனேன், சார்.

பிரஸ்ஸில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மேல் அச்சு இறங்கும். கை உள்ளே போகக் கூடாது என்பதற்காக அப்படி. ஆனால் வேலை ஓட வேண்டுமே. ஒரு பட்டனை ரப்பர் வைத்து இறுக்கிவிடுவார்கள். இடது கை பட்டனை அமுக்கும், வலது கை தகட்டை வைக்கும். கை குறுக்கே வந்தால் சென்சார் மெஷினை நிறுத்திவிடும் என்ற தைரியம். அந்த சென்சாரைப் பார்ப்பது என் வேலை.

தினமும் உட்காரும் முன் கேட்பாள், “சென்சார் பாத்தியா?”

“பாத்துட்டேன். நீ ஓட்டிக்கினு இரு.”

வேறு யார் சொன்னாலும் உட்கார மாட்டாள். நான் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமையும் கேட்டாள். பார்த்துவிட்டேன் என்றேன். பார்த்தது உண்மை. சென்சார் வேலை செய்யாதபடி ஒயரை மாற்றியிருந்தேன்.

சூப்பர்வைசர் அன்புராஜை விட்டுவிடுங்கள், பாவம். அவர் ரப்பர் வைத்ததோடு சரி. நான் கோபத்தில் எதுவும் செய்யவில்லை. இருவருக்கும் ஒரே மாதிரி கை இருந்தால் அவளுக்கு அருவருப்பு இருக்காது என்று தோன்றியது. எனக்குப் போன அதே விரல்கள்தான் அவளுக்கும் போயின.

ஆஸ்பத்திரியில் என் வலது கையை அவள் கன்னத்தில் வைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்றார் நர்ஸ். எங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். கண் விழித்ததும் பாயைப் பழைய பக்கமே போடச் சொல்வாள், பாருங்கள்.