மடங்கிப்போன ஸ்டீரிங்

விருத்தாசலம் அரசு மருத்துவமனையில், எக்ஸ்ரே அறைக்கு வெளியே என் பக்கத்தில் பீங்கான் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். புளியமரத்தில் காரை மோதிவிட்ட அவர் கணவர் உள்ளே இருந்தார். கூட வந்திருந்த ஊர்க்கார டிரைவர் ஒருவரிடம் அந்தப் பெண் சொன்னார்:

“புது காருண்ணே. ஸ்டீரிங் ராடு உள்ளாற மடங்கிக் கெடக்குது. எங்க கம்பெனியில இப்படி ஒரு பொருளு வந்தா செக்கிங்லயே தூக்கிப் போட்டுடுவாங்க.”

“உங்க கம்பெனி பீங்கான் கோப்பை மாதிரி நெனச்சியா? மோதுனா மடங்கணும்னேதாம்மா அத செய்யறாங்க. மடங்கலன்னா மாப்ள நெஞ்சுல எறங்கியிருக்கும்.”

கணவர் நடந்தே வெளியே வந்தார். “எலும்பு ஒண்ணும் முறியலியாம்.”

அந்தப் பெண் அவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

“அத செஞ்சவங்களுக்கு இவரு யாருன்னே தெரியாதேண்ணே,” என்றார்.