நம்பர் சரியாத்தான் இருக்கு

— இந்தப் பக்கம் திரும்பிப் பேசு மாப்ளே. மெஷினோட பேசறியா, என்னோட பேசறியா?

— மெஷினாவது பதில் சொல்லும் மாமா. நாலாவது ரீல் ஓடிட்டிருக்கு, கரகரப்பு வருதா கேளுங்கன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன்.

— பார்த்துட்டுத்தான் இருக்கேன். இதோ, படிக்கறதுல எத்தனை தப்புன்னு மெஷின் காட்டற நம்பர். மூணு, நாலு, மூணு. எட்டைத் தாண்டினாத்தான் நான் கவலைப்படணும். பிலிம்ல ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல அச்சடிச்சிருக்கிற டிஜிட்டல் சவுண்டை ஒரு புள்ளி விடாம படிக்குது. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?

— படிக்குது, சரி. படிச்சதை ஒழுங்கா வெளிய சொல்லுதா? மாமா, உங்களைத்தான்.

— லைட்டைத் துடைச்சாச்சு. லென்ஸைத் துடைச்சாச்சு. ரோலர்ல இருந்த அழுக்கை நகத்தாலயே சுரண்டி எடுத்தேன். உன் வீட்டுப் பாத்திரம்கூட இவ்வளவு சுத்தமா இருக்காது.

— எங்க வீட்டுப் பாத்திரத்தை இப்ப அக்காதான் தேய்க்கிறா. பளபளன்னுதான் இருக்கு.

— அந்தப் பேச்சை எடுக்காதேன்னு படியேறும்போதே சொன்னேன்.

— நீங்கதான் எடுத்தீங்க.

— பதினோரு நாள் ஆச்சு. கடைக்குப் போனவ சொல்லாம கொள்ளாம அப்படியே தம்பி வீடுன்னு உன் வீட்டுக்குப் போயிட்டா. இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணினவ. நான் என்ன அடிச்சேனா, திட்டினேனா?

— திட்டினாக்கூடப் பரவாயில்லைங்கிறா. ஒரு வருஷமா கூப்பிட்டா ஏன்னு கேக்க ஆளில்லையாம். அவ ஏன் வந்தான்னு உங்களுக்கே தெரியும். என் வாயைக் கிளறாதீங்க.

— என்ன முணுமுணுக்கிறே? நேரா நின்னு பேசு.

— ஒண்ணுமில்ல. ரீலைப் பாருங்க.

— பார்க்க ஒண்ணுமில்ல. ரிப்போர்ட் எழுதறேன்.

— என்ன எழுதப் போறீங்க?

— போன தடவை எழுதினதுதான். கருவியில் பழுது இல்லை.

— அதுக்குக் கீழ இன்னொரு வரி இருந்துச்சே.

— ஆபரேட்டரின் கவனக்குறைவு. எங்க கம்பெனி படிவத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு மாப்ளே. காலியா விட்டா திருப்பி அனுப்பிடறாங்க.

— அந்தக் கட்டத்துக்குள்ள என்னைப் போட்டு அடைச்சிட்டீங்க. ரெண்டு தடவை. மூணாவது தடவையும் அதே வரி வந்தா, ரூம் சாவியைக் குடுத்துட்டுக் கிளம்புன்னு தியேட்டர் மேனேஜர் சொல்லிட்டார். மத்தியான ஆட்டத்துக்கு முன்னாடி ரிப்போர்ட் அவர் மேஜையில இருக்கணும்.

— சும்மா மிரட்டுவார்.

— புது ஆளையே பார்த்துட்டார். நேத்து கூட்டிட்டு வந்து ரூமைக் காட்டினார். நான் இங்க மரம் மாதிரி நிக்கிறேன், அந்த ஆள் என் ஸ்டூல்ல உக்காந்து உயரம் சரியா இருக்கான்னு பாக்கறான்.

— அதுக்காக மச்சினன்னு நான் பொய் எழுத முடியுமா? நம்பர் சரியாத்தான் இருக்கு.

— ஜனங்க நம்பரையா கேக்கறாங்க? வலது பக்கம், பின்னாடி மூணு வரிசை. காதுக்குள்ள யாரோ காகிதத்தைக் கசக்கற மாதிரி இருக்குன்னு பாதிப் படத்துல எழுந்து வந்து கவுண்டர்ல சண்டை போடறாங்க.

— ஒருத்தர் சொன்னா பத்துப் பேர் சொல்லுவாங்க. நீயும் வருஷக்கணக்கா இந்த இரைச்சல்ல நிக்கிறே. உன் காதை டாக்டர்கிட்ட காட்டுன்னு போன தடவையே சொன்னேன்.

— காட்டினேன். நீங்க சொன்னீங்கன்னுதான் போனேன். கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வச்சு, சத்தம் கேக்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னாங்க. காதுல ஒரு குறையும் இல்லைன்னு சீட்டு குடுத்தாங்க. இந்தாங்க, படிச்சுக்கோங்க.

— அப்ப மனசுலதான் கோளாறு.

— சரி மாமா, அப்படியே இருக்கட்டும். எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை. அதே இடத்தை மறுபடி ஓட்டறேன். கீழ போய் அந்த வரிசையில உக்காந்து கேளுங்க.

— முட்டி வலி. படி இறங்க முடியாது.

— ஒவ்வொரு தடவையும் முட்டி வலி.

— இந்த ரூம்லயே ஸ்பீக்கர் இருக்கே. அங்க வர்றதுதான் இதுலயும் வரும். ஓட்டு.

— ஓடுது. கார் மோதுதே, அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கும்.

— தெரியும். மூணு. மூணு. நாலு. மூணு.

— நம்பரை விடுங்க. என்னைப் பாருங்க. இப்ப எப்படிக் கேக்குது?

— சுத்தமாக் கேக்குது.

— கரகரப்பு?

— துளிகூட இல்ல.

— அவங்க பேசறது?

— ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா. இதைப் போய் குறை சொல்றியே, வாய் கூசலையா உனக்கு?

— மாமா, ஸ்பீக்கரை அணைச்சு வச்சிருக்கேன். இந்த ரீல் ஆரம்பிச்சதுலேர்ந்து.

— மெஷின் இரைச்சல்ல குழம்பிட்டேன்.

— உங்களுக்குப் பின்னாடி நின்னு நாலு தடவை கூப்பிட்டேன். மேனேஜர் வந்துட்டார்னுகூடச் சொன்னேன். நீங்க பாட்டுக்குப் பேனா மூடியைக் கடிச்சிட்டிருந்தீங்க.

— கதவைச் சாத்து.

— சாத்தியாச்சு. எத்தனை நாளா?

— வலது காது மூணு வருஷம். இடது போன வருஷத்துலேர்ந்து. வாயசைவைப் பார்த்தா முக்கால்வாசி புரிஞ்சிடும். மீதிக்குத்தான் நம்பர் இருக்கே. நம்பரை வச்சே ஒன்பது தியேட்டரை ஓட்டிட்டேன். சவுண்ட் மெக்கானிக்குக் காது போச்சுன்னா கம்பெனி ஒரு நாள் வச்சிருக்குமா?

— அதுக்காக என் காதைச் செவிடாக்கிட்டீங்க. எழுத்துல பழியையும் என் மேல போட்டீங்க.

— எனக்குக் கேக்கல. கேக்காததெல்லாம் இல்லைன்னு நானே நம்பிக்கிட்டேன். அலுத்துப் போச்சு மாப்ளே, இப்படி நடிச்சு நடிச்சு. உன் வயித்துல அடிச்சுட்டேன்.

— கையை விடுங்க. பெரியவங்க நீங்க.

— ஸ்பீக்கரைப் போடு. நீ கேக்கறதைச் சொல்லு, நான் யோசிக்கிறேன். கரகரப்பு எப்பவும் வருதா, பெரிய சத்தத்துக்கா?

— பெரிய சத்தத்துக்குத்தான். ரூமே அதிரும் பாருங்க, அப்ப.

— அப்ப பிலிம் மேல தப்பில்ல. படிச்சு முடிச்ச பிறகு நடக்குது, அதான் நம்பர் காட்டல. சவுண்ட் பெட்டிக்குப் பின்னாடிலேர்ந்து ஸ்பீக்கர்களுக்கு ஆறு ஒயர் போகும். வலது பின்பக்கத்துக்குப் போற கடைசி ஒயரோட முனையை அழுத்திப் பிடி.

— நின்னுடுச்சு. விட்டா வருது. அழுத்தினா நிக்குது.

— அஞ்சு நிமிஷ வேலை. இதுக்கா உன்னை ஒரு மாசம் அலைய விட்டேன்? அந்தப் படிவத்தைக் குடு.

— என்ன எழுதறீங்க?

— ஒயர் முனை தளர்ந்திருந்தது. முந்தைய இரண்டு அறிக்கைகளும் தவறு. ஆபரேட்டர் மேல் குற்றம் இல்லை. கையெழுத்துப் போட்டுட்டேன், எடுத்துக்கோ.

— ஏன் தவறுன்னு கம்பெனி கேக்கும் மாமா.

— கேக்கட்டும். சொல்லிடறேன், எத்தனை நாளைக்கு மூடி மறைக்கிறது. ஆனா உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே. ஏற்கனவே என்னை வேண்டாம்னு போனவ. செவிடனோட மாரடிக்கணுமான்னு இருக்கும் அவளுக்கு.

— என் முகத்தைப் பார்த்துக் கேளுங்க மாமா. அக்கா உங்களை வேண்டாம்னு வரல, நீங்கதான் அவளை வேண்டாம்னுட்டீங்கன்னு நினைச்சு வந்தா. அன்னைக்குக் கடையிலேர்ந்து திரும்பி வந்து, நீங்க உள்ள தாழ்ப்பாள் போட்டு உக்காந்திருக்க, கொட்டற மழையில ஜன்னல் வழியா உங்க முதுகைப் பார்த்துக்கிட்டே ஒரு மணி நேரம் கதவைத் தட்டியிருக்கா.